இணையத் திருட்டைத் தடுக்க நான்கு வழிகள்: தவறாக மாட்டிக்கொள்பவருக்கு எது பாதுகாப்பு?

ரிலீஸான அன்றே முழுப் படமும் டெலிகிராமில் வந்துவிட்டால், வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவர் பாடு திண்டாட்டம்தான். அதைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் எப்படி? அமெரிக்கா பதிவை நீக்குகிறது, பிரான்ஸ் ஆளைப் பிடிக்கிறது, இந்தியா தளத்தையே முடக்குகிறது, கனடா கடிதம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறது. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: தப்பே செய்யாத ஒருவர் மாட்டிக்கொண்டால் அவர் கதி என்ன?

அமெரிக்காவில் 1998-ல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பின் உரிமையாளரிடமிருந்து புகார் வந்ததும் பதிவை எடுத்துவிட்டால் தளம் இழப்பீட்டு வழக்கிலிருந்து தப்பிக்கும். அதனால் யோசிக்காமல் எடுத்துவிடுவதுதான் தளத்துக்கு லாபம். 2007-ல் பென்சில்வேனியாவில் ஒரு தாய், சமையலறையில் தன் குழந்தை ஆடுவதை 29 வினாடி வீடியோவாக யூடியூபில் போட்டார். பின்னணியில் பாடகர் பிரின்ஸின் பாட்டு ஓடியது. பாட்டின் உரிமையை வைத்திருந்த யுனிவர்சல் நிறுவனம் புகார் அனுப்ப, வீடியோ போய்விட்டது. அவர் மறுப்பு அனுப்பி மீட்டார், வழக்கும் தொடுத்தார். புகார் அனுப்பும் முன்பே அது நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி வாங்காமலே சட்டம் இடம் தரும் பயன்பாடா என்று உரிமையாளர் யோசிக்க வேண்டும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதற்குள் 2015 ஆகிவிட்டது.

இந்த முறையில் என்னை அதிகம் உறுத்துவது மறுப்புக் கடிதம்தான். அதில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தர வேண்டும். அது புகார் கொடுத்தவர் கைக்கே போகும். அதிகாரத்தில் இருப்பவரை அடையாளம் காட்டாமல் விமர்சிப்பவர் இப்படியொரு கடிதத்தை எப்படி அனுப்புவார்? அனுப்பினாலும் பதிவு திரும்பி வர 10 முதல் 14 வேலை நாட்கள் ஆகலாம். தேர்தல் நேரத்து வீடியோ என்றால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பிரான்ஸ் 2009-ல் ஹடோபி என்ற அமைப்பை உருவாக்கியது. பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் டோரன்ட்டில் தெரியும் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்கான எண்ணை வைத்து இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை இணைப்பைத் துண்டிப்பது என்பது திட்டம். இணையத்தை அணுகுவதும் கருத்துரிமையின் பகுதி, அதை நிர்வாக அமைப்பு துண்டிக்க முடியாது, நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் அரசியல் சாசன மன்றம் அந்த அதிகாரத்தை ரத்து செய்தது. பிறகு திருத்திய சட்டம் வந்தது. இணைப்பைப் பாதுகாப்பாக வைக்கத் தவறியதே குற்றம் என்றார்கள். 2012-ல் முதலில் தண்டிக்கப்பட்டவர் ஒரு கைவினைத் தொழிலாளி. பாட்டை இறக்கியது விவாகரத்தாகிக்கொண்டிருந்த மனைவி என்று அவர் சொல்லியும், இணைப்பு அவர் பெயரில் இருந்ததால் 150 யூரோ அபராதம். ஐபி முகவரி இணைப்பைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அந்த உண்மைக்குச் சட்டம் கண்டுபிடித்த பதில் இதுதான். துண்டிக்கும் தண்டனையை 2013-ல் அரசே கைவிட்டது.

நம் ஊர் வழி நீதிமன்றத் தடை. யாரென்றே தெரியாத எதிர்மனுதாரர்கள் மீது வாங்கும் இந்த உத்தரவை வக்கீல்கள் ‘அசோக் குமார் உத்தரவு’ என்பார்கள். 2012-ல் தனுஷ் நடித்த ஒரு படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி ஓர் உத்தரவு வாங்கப்பட்டது. அதை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் திருட்டுப் படங்களுக்குப் பேர்போன பைரேட் பேயோடு விமியோ, டெய்லிமோஷன் போன்ற பொதுவான வீடியோ தளங்களையும் முழுசாக மூடின. சொந்தக் குறும்படத்தை விமியோவில் வைத்திருந்தவருக்கும் கதவு அடைபட்டது. முழுத் தளத்தை மூடக் கூடாது, குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே முடக்கலாம் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. அப்புறமும் 2017-ல் இரண்டு இந்திப் படங்களுக்காக இதே நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் பட்டியலில் இருந்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதில் ஒன்று. ஏன் முடக்கினார்கள் என்பது முதலில் அந்த நிறுவனத்துக்கே தெரியவில்லை. நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவுதான், சரி. ஆனால் பாதிக்கப்படுபவர் அங்கே இல்லை, அவர் தரப்பைச் சொல்ல ஆளும் இல்லை. பிரான்ஸில் ஒருவருக்கு நடந்தது இங்கே ஒரே நாளில் லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்துவிடுகிறது.

கனடாவில் 2015 ஜனவரி முதல் வேறு முறை. புகார் வந்தால் சேவை நிறுவனம் அதைச் சந்தாதாரருக்கு அனுப்பிவைக்கும், விவரத்தை 6 மாதம் பத்திரப்படுத்தும். அவ்வளவுதான். எதுவும் நீக்கப்படாது, பெயரும் வெளியே போகாது. யாரென்று தெரிய வேண்டுமானால் உரிமையாளர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வர வேண்டும். ஆரம்பத்தில் சில புகார்க்காரர்கள் அந்தக் கடிதத்திலேயே ‘இவ்வளவு டாலர் கட்டினால் விட்டுவிடுகிறோம்’ என்று மிரட்டினார்கள். பயந்து கட்டியவர்களும் உண்டு. 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, பணம் கேட்கும் கடிதங்களை இந்த முறைக்குள் செல்லாதவையாக்கினார்கள்.

வெறும் கடிதத்தால் என்ன பயன் என்று தயாரிப்பாளர்கள் கேட்பது புரிகிறது. உண்மையில் கனடாவும் 2019-ல் தளத் தடையை அனுமதித்துவிட்டது. ஆனாலும் என் ஓட்டு கனடா முறைக்குத்தான். அங்கே புகார் தவறாக இருந்தால் ஒருவருக்கு வீணான கடிதம் வரும்; மற்ற மூன்றிலும் பேச்சோ, பணமோ, தளமோ போகும். திருட்டுப் படத்தை வைத்துக் காசு பார்க்கும் தளங்களுக்கு நீதிமன்றத் தடை இருக்கட்டும். அதற்கு 2012-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பக்க முகவரிக் கட்டுப்பாட்டைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும், முடக்கும் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், தவறாக முடக்கப்பட்டவர் அடுத்த நாளே முறையிட வழி இருக்க வேண்டும். படம் ஓடி முடிந்த பிறகும் தொடரும் தடைகளுக்கு ஒரு முடிவுத் தேதியும் வேண்டும்.