கொசு உள்ளானா, டெமின்க்கா, நீளவிரலா? படத்தைப் பார்த்துப் பிரிப்பது எப்படி

கோடியக்கரை உப்பளங்களிலும் பழவேற்காட்டுச் சேற்றிலும் கூட்டமாகக் கொத்தித் திரியும் குட்டிப் பறவைகளில் பெரும்பாலானவை கொசு உள்ளான்களே. சிக்கல் அதே அளவுள்ள மற்ற மூன்றால் வருகிறது: டெமின்க் கொசு உள்ளான், நீளவிரல் கொசு உள்ளான், சிவப்புக்கழுத்துக் கொசு உள்ளான்.

முதலில் காலைப் பாருங்கள். கொசு உள்ளானுக்கும் சிவப்புக்கழுத்துக்கும் கால் கறுப்பு. டெமின்க்குக்கும் நீளவிரலுக்கும் மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சள். ஆனால் ஏமாறுவதும் இங்கேதான். சேறு அப்பினால் மஞ்சள் கால் கறுத்துவிடும். மாலை வெயிலில் கறுப்புக் கால் பழுப்பாகத் தெரியும். படத்தில் நிழற்பகுதியைச் சற்று வெளுக்கவைத்து, சேறு படாத முழங்காலுக்கு மேற்பகுதியைப் பாருங்கள்.

மஞ்சள் கால் என்று உறுதியானால் மீதி எளிது. டெமின்க்கின் முதுகு பூவேலை இல்லாத சாம்பல் பழுப்பு. மார்பிலும் அதே நிறம் பட்டையாக இறங்கும். வாலாட்டிக்கொண்டே நடக்கும் உள்ளானைச் சிறிதாக்கியது போல, உடலைத் தாழ்த்தி, புல்லோரமாக மெல்ல ஊர்ந்து இரை தேடும். மடித்த சிறகின் நுனியைத் தாண்டி வால் சற்று நீளும். பறக்கும்போது வாலோரம் தூய வெள்ளை. அந்த ஒரு படம் கிடைத்தால் வேறு சான்றே வேண்டாம். மற்றவற்றுக்கு வாலோரம் சாம்பல்தான்.

நீளவிரலின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் கருமை, ஓரத்தில் வெளிர்நிறம், அதனால் மேனியே கோடுகோடாகத் தெரியும். நெற்றியின் கருமை அலகு வரை இறங்கும். மிரண்டால் கழுத்தை உயர்த்தி நிமிர்ந்து நிற்கும். அப்போது, அதைவிடப் பெரிய உள்ளானான பொறி உள்ளானைச் சிறிதாக்கியது போலிருக்கும். நடுவிரலின் நீளம் தெரிய, பறவை ஈரச்சேற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

கறுப்புக் கால் இரண்டையும் பிரிப்பதே உண்மையான சோதனை. ஏப்ரல், மே மாதங்களில் இனப்பெருக்க நிறம் ஏறியிருந்தால் தொண்டையைப் பாருங்கள். கொசு உள்ளானுக்குத் தொண்டை வெள்ளை, மார்போரச் செம்மையின் மேலேயே கரும்புள்ளிகள். சிவப்புக்கழுத்துக்குத் தொண்டையும் மேல்மார்பும் புள்ளியில்லாத செங்கல் நிறம். புள்ளிகள் அதற்குக் கீழே வெள்ளையில் தொடங்கும். இலையுதிர்காலத்தில் வரும் இளம்பறவைகளில் கொசு உள்ளானின் முதுகில் வெள்ளை ‘வி’ பளிச்சென்று இருக்கும், சிறகின் பின்னிறகுகள் கருநடுவும் செவ்விளிம்புமாக இருக்கும். சிவப்புக்கழுத்தின் இளம்பறவைக்கு ‘வி’ மங்கல், அந்த இறகுகள் சாம்பல்.

குளிர்கால முதிர்ந்த பறவையில் இவை எதுவும் உதவாது. சிவப்புக்கழுத்தின் அலகு சற்றுக் குட்டை, நுனி மழுங்கல், கால் குட்டை, பின்னுடல் நீளம் என்பது உண்மைதான். ஆனால் தலை கேமராப் பக்கம் பத்துப் பாகை திரும்பினாலே அலகு குட்டையாகிவிடும். ஒரே படத்தை வைத்து அரிய பறவை என்று பதிவிடுவது தவறு. பக்கவாட்டில் நின்ற நிலையில் பத்துப் பதினைந்து படங்கள், பக்கத்தில் ஒப்பிட இன்னொரு கொசு உள்ளான், பறக்கும் படம் ஒன்று, இவை இருந்தால் பேசலாம். இல்லையெனில் பேரினப் பெயரான காலிட்ரிஸ் என்பதோடு நிறுத்துங்கள்.

தரையோடு தாழ்ந்து எடுத்த படமே கால், வயிறு, அலகு மூன்றையும் சரியான அளவில் காட்டும். வெயிலில் வெள்ளை வயிறு வெளுத்துப்போனால் மார்புப் பட்டையும் காணாமல் போகும், கேமராவின் ஒளியளவை (எக்ஸ்போஷர்) 0.3 முதல் 0.7 ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள்.