சில்வர் ஃபால்ஸா, ரிக்கெட்ஸ் க்ளென்னா?

இரண்டுமே அமெரிக்க மாநிலப் பூங்காக்கள். இரண்டிலும் அருவிகளைச் சுற்றிவரும் முழுப் பாதை சுமார் 7.2 மைல். ஒற்றுமை அதோடு சரி.

ஓரிகனில் உள்ள சில்வர் ஃபால்ஸில் பத்து அருவிகள். பேர்போனது 177 அடி சவுத் ஃபால்ஸ். அதன் முன்னால் நின்று படமெடுத்துவிட்டு, பின்பக்கமாகவும் நடந்து போகலாம். மேலே கெட்டியான எரிமலைப் பாறை. அதற்கு அடியில் இருந்த மென்மையான அடுக்கு அரித்துப்போனதால் தண்ணீருக்குப் பின்னால் தாழ்வாரம் மாதிரி இடம் உருவாகியிருக்கிறது. இப்படி நான்கு அருவிகளின் பின்னால் போகலாம். சட்டை நனையும், பரவாயில்லை. கோடையில் நீர் இளைத்துவிடும். மழைக்காலமும் வசந்தமும்தான் சரியான நேரம்.

பென்சில்வேனியாவின் ரிக்கெட்ஸ் க்ளென்னில் எண்ணிக்கை அதிகம்: 20-க்கும் மேல். மிக உயரமான கனோகா ஃபால்ஸே 94 அடிதான். ஆனால் ஒன்றைத் தாண்டி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். கற்படிகள் செங்குத்து, எப்போதும் ஈரம். பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். முழுச் சுற்று முடியாதென்றால், மேல்பகுதியை மட்டும் சுமார் 3.2 மைலில் சுற்றிவரலாம். பெரும்பாலான அருவிகள் அதிலேயே வந்துவிடும்.

குழந்தைகள், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு சில்வர் ஃபால்ஸுக்கு. முழங்கால் நன்றாக இருந்தால் ரிக்கெட்ஸ் க்ளென். நாயைக் கூட்டிப்போக நினைப்பவர்கள் கவனிக்க: சில்வர் ஃபால்ஸின் பள்ளத்தாக்குப் பாதையில் அதற்கு அனுமதி இல்லை. அப்புறம், அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு, பென்சில்வேனியாவில் கிடையாது.