புள்ளி போகாமல் பிடிஎஃப் சுருக்குவது: ஆறு வருட அனுபவம்

2019இல் எங்கள் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலரை ஸ்கேன் செய்யப் போய்த்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் இருக்கும் கோயில். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்தவர்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். மலரில் மிஞ்சியது நாலே பிரதி. பட்டணத்துப் போட்டோஸ்டெட் கடையில் கொடுத்து 64 பக்கத்தையும் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல், அதாவது படத்தின் பொடிக் கட்டங்கள்), வண்ணத்தில் ஸ்கேன் எடுத்தேன். நல்லா இருக்கணுமே என்று 600 கேட்டது நான்தான். வந்த கோப்பு 212 எம்பி. அப்போது வாட்ஸ்அப்பில் 100 எம்பிக்கு மேல் ஆவணம் போகாது (அது 2 ஜிபி ஆனது 2022இல்). ஜிமெயில் இணைப்புக்கு 25 எம்பிதான்.

இலவசமாகச் சுருக்கித் தரும் ஒரு தளத்தில் ஏற்றி, இருப்பதிலேயே சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தேன். 5 எம்பி வந்தது. சந்தோஷமாகக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் பொருளாளர் ஐயா கூப்பிட்டார்.

“தம்பி, நன்கொடைப் பட்டியல்ல நம்ம கல்வி நிதிய என்னான்னு போட்டிருக்க, பெருசாக்கிப் பாரு.”

பார்த்தேன். ‘ல்’ மேலிருந்த புள்ளியைக் காணோம். கோயில் மலரில் வரக்கூடாத ஒரு நிதிக்கு ஊரே ஐந்தும் பத்துமாக வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருந்தது. அச்சுக் கோத்தவர் அன்றைக்குச் சரியாகத்தான் கோத்திருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்பது பிறகு புரிந்தது. திரைக்கு என்று படத்தை 72 டிபிஐக்கு இறக்கினால், பத்துப் பாயிண்ட் எழுத்துக்குக் கிடைப்பது பத்துப் பிக்சல் உயரம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சிப்போனால் ஒரு பிக்சல். அதன்மேல் ஜேபெக் சுருக்கமும் ஏறினால் அந்த ஒற்றைப் பிக்சல் வெளுத்துத் தாளின் நிறத்தோடு கலந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ’ மேலுள்ள புள்ளி போனாலும் சொல்லைப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. அதனால் சுருக்கிகளைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் ‘தரம் பரவாயில்லை’ சான்றிதழ்களை நான் அப்படியே நம்புவதில்லை.

அன்றிலிருந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட்தான். 1988இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள். அழகான முகப்பெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. அதில் ‘ஸ்கிரீன்’ என்ற அமைப்பு படங்களை 72க்கு இறக்கும், ‘ஈபுக்’ 150க்கு, ‘பிரிண்டர்’ 300க்கு. ஸ்கிரீன் பக்கமே நான் போவதில்லை. புகைப்படம் நிறைந்த மலருக்கு ஈபுக் போதும். நன்கொடைப் பட்டியல் போன்ற பொடி எழுத்துக்கு 150கூடச் சில நேரம் கைவிடும். அப்போது 200 என்று நானே எண்ணைக் கொடுத்துவிடுவேன். ஒரு விஷயம் தெரியாமல் ரொம்ப நாள் குழம்பினேன். ஈபுக் அமைப்பில், குறி வைத்த அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும் படத்தைத்தான் அது இறக்கும். 200 டிபிஐ ஸ்கேனைக் கொடுத்தால் 225ஐத் தாண்டவில்லை என்று பிக்சலைக் குறைக்காமல் விட்டுவிடும். கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை அழித்து நிறுவினேன்.

இத்தனையும் சொன்னாலும், அளவு தீர்மானமாவது ஸ்கேனரில்தான். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480க்கு 3508 பிக்சல். வண்ணத்தில், சுருக்காமல், ஒரு பக்கம் சுமார் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. வெறும் கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பிக்குச் சற்று மேல், அதையும் தொலைநகல் காலத்து ஜி4 முறை எந்த இழப்பும் இல்லாமல் நன்றாகவே சுருக்கிவிடும். 600 டிபிஐ என்றால் எல்லாமே நாலு மடங்கு. மஞ்சள் படிந்த தாளின் மஞ்சளையும் சேர்த்துத்தான் நான் அன்றைக்கு 212 எம்பியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கறுப்பு வெள்ளையில் ஜேபிக்2 என்ற முறை இன்னும் சின்னதாக்கும். கணக்கறிக்கைக்கு அதன் இழப்புள்ள வகையை நான் தொடமாட்டேன். ஒன்றுபோல் தெரியும் எழுத்து வடிவங்களை அது ஒரே வடிவமாக்கிவிடும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி ஆய்வாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்களில் 6 என்ற எண் 8 ஆக மாறுவதைக் கண்டுபிடித்தார். அப்படி மாறியதற்குக் காரணம் இதுதான். மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வரும். அது பளிச்சென்று தப்பாக இருக்கும். ஆண்டுக்கூட்டத்தில் 600 வெள்ளி 800 ஆகி நின்றால் யார் பதில் சொல்வது?

ஸ்கேன் செய்யாத பிடிஎஃப்பின் சங்கதி வேறு. 12 பக்க ஆண்டறிக்கையை வேர்டில் தயாரித்து, பார்த்தால் 40 எம்பி. காரணம், கைப்பேசியில் எடுத்த திருவிழாப் படங்களைப் பெரிய அளவிலேயே செருகி, ஓரத்தை வெட்டியது. வேர்டில் வெட்டிய ஓரம் மறைகிறதே ஒழிய, கோப்பை விட்டுப் போவதில்லை. படங்களைச் சுருக்கும் வசதிக்குள் போய் வெட்டிய பகுதியை நீக்கச் சொல்ல வேண்டும். சொன்னேன், 3 எம்பி ஆனது. அளவைக் குறைக்கிறேன் என்று கோப்புக்குள் பதிந்திருக்கும் எழுத்துருவை மட்டும் கழற்றிவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய அறிக்கை ஒன்றில் அப்படிச் செய்தேன். தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறிவிட்டது. மிச்சமானது சில நூறு கேபி.

கடைசியாகக் கியூபிடிஎஃப் என்ற இன்னொரு இலவசக் கருவியில் ஒரு ஓட்டு ஓட்டுவேன். அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் இணையத்தில் போட்டால் முழுதும் இறங்கும்வரை காத்திருக்காமல் முதல் பக்கம் திறக்கும்படி கோப்பை உள்ளே அடுக்கித் தரும், திறக்கும் செயலியும் அதற்கு ஒத்துழைத்தால். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு லைனில் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆன்லைன் தளங்களுக்கு நான் திரும்பவே இல்லை. உறுப்பினர் பட்டியலில் எல்லோருடைய ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இருக்கிறது, அதை எவருடைய சர்வரிலோ ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐசி எண்மேல் கறுப்புப் பட்டை வரைந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் கவனியுங்கள். பட்டைக்குக் கீழே எண் அப்படியே இருக்கலாம்.

குறை ஒன்று உண்டு. தமிழ் எழுத்துணரியால் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளால்) தேடும் வசதியைச் சேர்த்தால் பக்கத்துக்குச் சில கேபிதான் கூடுகிறது, ஆனால் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ வந்தால் அது கண்டபடி படிக்கிறது. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

அந்த மலரைப் போன வருடம் மறுபடி ஸ்கேன் செய்தேன், 300 டிபிஐயில். எழுத்துப் பக்கம் கறுப்பு வெள்ளை, படப் பக்கம் சாம்பல், அட்டை மட்டும் வண்ணம். 11 எம்பி. குழுவில் போடும் முன்னால் பொருளாளர் ஐயாவுக்குத் தனியாக அனுப்பினேன். நேராக நன்கொடைப் பட்டியலுக்குப் போயிருப்பார் போல, ஐந்தே நிமிடத்தில் பதில்: “புள்ளி இருக்கு. போடு.”