100, 4: ஒரு கோடு ரீடரோடு நான்கு வருடம்

வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் இடைப்பட்ட கல்குவாரிகளில் என் பொக்லைன் வாடகைக்கு ஓடுகிறது. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். எங்கள் பக்கம் வாளி வைத்து மண் அள்ளுகிற எந்த வண்டிக்கும் அதுதான் பெயர். என்னுடையது வேறு கம்பெனி, 21 டன். 2021 கடைசியில் அதற்கென்று ஒரு கோடு ரீடர் வாங்கினேன். கோளாறு வந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு எண் போட்டு வைக்கும், அதுதான் கோடு (code); அதைப் படிக்கிற கருவி இது. கேபினுக்குள் இருக்கிற வட்டமான ஒன்பது பின் சாக்கெட்டில் செருக வேண்டிய சின்னப் பெட்டி; ப்ளூடூத் வழியாகப் போனில் கோடு தெரியும். விலை பதினெட்டாயிரத்துச் சொச்சம். அன்று வீட்டில் நடந்த பேச்சை விட்டுவிடுகிறேன்.

வாங்க வைத்தது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. பாறை உடைக்கும்போது திடீரென்று எரியும், எஞ்சின் இழுவை குறைந்துவிடும். சாவியை அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். சர்வீஸ் ஆள் மூன்றாம் நாள் வந்தார், ஆயில் பிரஷர் சென்சாரை மாற்றினார், பில்லைக் கொடுத்தார். இரண்டே நாளில் அதே விளக்கு.

ரீடரில் வந்தது எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4. ஜே1939 என்பது கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற பொதுமுறை. அதில் முதல் எண் (எஸ்பிஎன்) எதில் கோளாறு என்று சொல்லும், இரண்டாம் எண் (எஃப்எம்ஐ) என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். இரண்டாம் எண்தான் எனக்குப் பணம் மிச்சப்படுத்தியது. பிரஷர் உண்மையிலேயே இறங்கியிருந்தால் 1 அல்லது 18 வந்திருக்க வேண்டும். 4 என்றால் சென்சார் ஒயரில் வோல்டேஜ் குறைவு, அல்லது ஒயர் எர்த்தில், அதாவது வண்டியின் பாடியில், தட்டுகிறது. எஞ்சினுக்கு நோயில்லை, சேதி கொண்டுவருகிற வழியில்தான் ஏதோ தகராறு. ஆனாலும் எண்ணை மட்டும் நம்பி எஞ்சினை ஓட்டுகிற தைரியம் எனக்கில்லை. மீட்டர் கேஜ் மாட்டிப் பிரஷரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன். சரியாகவே இருந்தது.

அப்போது ஆபரேட்டர் ஒன்று சொன்னான் (பிரேக்கர் என்பது வாளிக்குப் பதில் மாட்டுகிற, பாறை உடைக்கும் சுத்தியல்): “அண்ணாச்சி, பிரேக்கர் போட்டால்தான் வருகிறது. வாளி போட்டால் ஒருநாளும் வந்ததில்லை.” கோடு சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். அதிர்வில்தான் வருகிறது.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, சென்சார் கனெக்டரைக் கழற்றினேன். என் வண்டியின் சர்க்யூட்டில் கனெக்டரைக் கழற்றினால் கோடு 4-லிருந்து 3-க்கு (வோல்டேஜ் அதிகம்) மாற வேண்டும். மாறினால் ஒயரிங் நல்லது, சென்சார் கெட்டது. மாறவில்லை. அப்படியானால் முதலில் மாற்றிய சென்சாருக்குக் கொடுத்த பணம் தண்டம். பேட்டரியைத் துண்டித்து, கம்ப்யூட்டர் பக்கத்து பிளக்கையும் கழற்றி, சிக்னல் ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். சத்தமில்லை. இன்னொரு கையால் ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, பிடித்து ஆட்டினேன். ஓரிடத்தில் மீட்டர் கத்தியது. ஒரு பிராக்கெட்டின் முனையில் கிளிப் விழுந்துபோயிருக்கிறது. தொங்கிய ஹார்னஸ் செம்மண் தூசியோடு சேர்ந்து அரம் போட்டதுபோல் தேய்ந்து, ஒரு நெல்மணி அளவுக்குச் செம்பு தெரிந்தது. சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றி, புதுக் கிளிப் போட்டேன். செலவை எழுதினால் சிரிப்பீர்கள்.

அடுத்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு. குளத்துக் கரை உடைப்புகளை அடைக்க வண்டி ஒரு வாரம் சேற்றிலேயே கிடந்தது. திரும்பி வந்ததும் ஒரே நேரத்தில் ஐந்து கோடுகள், ஐந்தும் வெவ்வேறு சென்சார்களின் பெயரில். ஐந்து சென்சார் ஒரே நாளில் சாகாது. அவற்றோடு 3509 என்ற எண்ணும் இருந்தது: சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட் சப்ளை. பல சென்சார்கள் ஒரே சப்ளையில் தொங்குகின்றன. ஒன்று அதை எர்த்துக்கு இழுத்தால் எல்லாமே பொய் சொல்லும். மீட்டரில் 1.2 வோல்ட் காட்டியது. ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே போனேன். நான்காவதைக் கழற்றியதும் சட்டென்று 5 வோல்ட் வந்து நின்றது. உள்ளே பச்சைப் பாசி பிடித்த பின்களும் ஒரு சொட்டு கலங்கல் தண்ணீரும். மாற்றியது அந்த ஒரு சென்சாரும் கனெக்டரும்தான்.

இனி குறைகள். 520192-லிருந்து தொடங்குகிற எஸ்பிஎன் எண்கள் அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. என் பெட்டி எண்ணை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். டீசல் பீச்சுகிற புது இன்ஜெக்டரின் கோடைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ஹைட்ராலிக் பம்பை அளவு பார்த்துச் சரிசெய்கிற காலிப்ரேஷன் எதுவும் இதில் நடக்காது. அதற்குக் கம்பெனி லேப்டாப்தான் வர வேண்டும். செயலி மாதம் ஒருமுறை லைசென்ஸைச் சரிபார்க்க இன்டர்நெட் கேட்கும். குவாரிக் குழிக்குள் சிக்னல் ஏது? மேட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது. முதலில் வந்த கேபிளின் பிளக் கறுப்பு நிறம், வண்டிக்குள் டேட்டா நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஓடிய காலத்தது. 500 கிலோபிட் ஓடுகிற புது வண்டிகளின் பச்சை சாக்கெட்டில் அது நுழையவே நுழையாது. பச்சை பிளக் வாங்கினால் இரண்டிலும் சேரும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை, இரண்டாவது கேபிளுக்குக் காசு கொடுத்த பிறகு நானே தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை பெட்டி எதையுமே படிக்கவில்லை. பெட்டிதான் போய்விட்டது என்று பார்சல் கட்டும் அளவுக்குப் போனேன். பேட்டரி கட் ஆஃப் போட்டு, சாக்கெட்டில் கேன் (CAN) ஒயர், அதாவது கம்ப்யூட்டர்களின் டேட்டா ஓடுகிற ஒயர், இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தால் 120. ஒயரின் இரு முனையிலும் தலா ஒரு 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். பாதி வழியில் ஒயர் அறுந்திருந்தது. அறுத்தது எலி.

கோடை அழிக்கிற பட்டன் பக்கம் யாரையும் விடுவதில்லை. எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கையும் அதோடு போய்விடும்; பிறகு துப்புத் துலக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் கேபினில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். விளக்கு எரிந்தால் அணைக்கும் முன்பே கோடு, நேரம், என்ன வேலை நடந்தது எல்லாம் ஆபரேட்டர் எழுத வேண்டும். போன வாரம் எழுதியிருந்தான்: “காலை 11.20. வாளி. 97.” 97 என்றால் டீசலில் தண்ணீர். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற செபரேட்டரைத் திறந்தேன், அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அந்த பேரல் டீசலை எங்கே வாங்கினான் என்பதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.