காக்டெய்ல் பாரில் ஒயின்: நாற்பது பாட்டில் பட்டியலா, ஆறு பாட்டில் பட்டியலா?

காக்டெய்லுக்குப் பேர்போன பாரில் ஒயின் கேட்பவர்கள் எப்போதும் குறைவு. மேசையில் நான்கு பேருக்கு நெக்ரோனியும் விஸ்கி சவரும் வரும். ஐந்தாமவர் மட்டும் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் கேட்பார். அவருக்கு ஊற்றும் பாட்டிலை என்றைக்குத் திறந்தார்கள்? பட்டியலின் நீளத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கணக்குப் போட்டால் புரியும். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ். ஓர் இரவுக்குப் பன்னிரண்டு கிளாஸ் ஒயின் விற்கும் பாரில் பதினைந்து வகையைக் கிளாஸ் கணக்கில் கொடுத்தால், ஒரு பாட்டிலில் இருந்து ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்கூடப் போகாது. கடைசிக் கிளாஸை வாங்குபவருக்கு ஆறு நாள் பழசு. அதே பாரில் நான்கே வகை இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு நாளுக்குள் காலி. நாற்பது பாட்டில் பட்டியல் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். குடிக்க ஆறுதான் நல்லது. முழுப் பாட்டிலாக வாங்கும் கூட்டத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

திறந்த ஒயினைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலான பார்களில் இருப்பது ரப்பர் மூடியும் கைப்பம்பும். இது காற்றைக் கொஞ்சம்தான் உறிஞ்சும், கூடவே மணத்தையும் இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளை ஒயின் இரண்டு மூன்று நாள் தாங்கும். நுரைக்கும் ஒயினுக்கு இந்தப் பம்பைப் போட்டால் உள்ளே இருக்கும் வாயுவும் சேர்ந்து வெளியேறிவிடும்.

இரண்டாவது வழி, 2013-இல் சந்தைக்கு வந்த கோரவின். கார்க்கை எடுக்காமலே மெல்லிய ஊசியை இறக்கி, ஆர்கான் வாயுவை உள்ளே தள்ளி ஒயினை வெளியே எடுக்கும் கருவி. ஊசியை எடுத்ததும் இயற்கைக் கார்க் தானாக மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் கார்க் அப்படி மூடாது. அதில் ஊசியைக் குத்தினால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், காற்று நுழைந்துவிடும். திருகுமூடிப் பாட்டிலுக்குத் தனி மூடி வேண்டும். வாயு கேப்ஸ்யூலும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய செலவு. விலையுயர்ந்த சிவப்பு ஒயின் ஒன்றிரண்டை மாதக்கணக்கில் கிளாஸ் கிளாஸாக விற்க இதைவிட நல்ல வழி கிடையாது. பாரின் சாதாரண ஒயினுக்கு இதைப் பயன்படுத்துவது வீண் ஆடம்பரம்.

மூன்றாவது, அட்டைப்பெட்டிக்குள் குழாய் வைத்த பையில் வரும் பெட்டி ஒயின். 1965-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் அங்கோவ் காப்புரிமை பெற்றது. ஒயின் குறையக் குறையப் பை சுருங்கிக்கொள்வதால் உள்ளே காற்று புக இடமில்லை. குழாயைத் திறந்த பிறகும் நான்கைந்து வாரம் நிற்கும். 3 லிட்டர் பெட்டி என்றால் நான்கு பாட்டில். பெட்டி ஒயினைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை, ஆனால் பை வழியே காற்று மெல்லக் கசியும். அதனால் திறக்காத பெட்டியிலும் நிரப்பிய தேதியைப் பார்ப்பது அவசியம். ஓராண்டு தாண்டியதை விட்டுவிடலாம்.

நுரைக்கும் ஒயினில்தான் காக்டெய்ல் பாரின் லட்சணம் தெரியும், ஏனென்றால் அது கலவைக்கும் போகிறது. இத்தாலியின் புரொசெக்கோவில் நுரையைத் தரும் இரண்டாவது நொதிப்பு பெரிய தொட்டியில் நடக்கிறது. கிளேரா திராட்சையின் பேரிக்காய், பூ மணம் அப்படியே நிற்கும், விலையும் குறைவு. மூன்று பங்கு புரொசெக்கோ, இரண்டு பங்கு அப்பெரோல் என்ற கசப்பினிப்பு மது, ஒரு பங்கு சோடா என்று ஸ்பிரிட்ஸ் காக்டெய்ல் கலக்க இதுவே போதும். ஷாம்பெயினில் அந்த நொதிப்பு பாட்டிலுக்குள்ளேயே நடந்து, குறைந்தது 15 மாதம் அங்கேயே கிடக்கிறது. ரொட்டி வாசனை வருவது அதனால்தான். அப்பெரோலின் கசப்பிலும் இனிப்பிலும் அந்த வாசனை காணாமல் போகும், காசும் அதோடு போகும். ஸ்பெயினின் காவாவும் பாட்டிலில் நொதிப்பதுதான், குறைந்தபட்சம் ஒன்பது மாதம். ஃபிரெஞ்ச் 75 போலப் புளிப்பும் நறுக்கென்ற நுரையும் வேண்டிய கலவைக்கு நான் முதலில் தேடுவது காவாவைத்தான்.

லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்பே இல்லாதது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. ‘புரூட்’ என்பதில்தான் 12 கிராமுக்குள். பீச் கூழ் சேர்த்த பெல்லினி திகட்டுகிறது என்றால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

இந்தியப் பார்களில் வேறொரு கேள்வி எழும்: இறக்குமதியா, உள்ளூரா? நாசிக்கில் சூலாவும் நந்தி மலைப் பக்கம் குரோவரும் செய்யும் வெள்ளை ஒயின்களுக்குப் பயணத் தூரம் குறைவு. இங்கே அறுவடை ஆண்டின் தொடக்கத்தில் நடப்பதால் அந்த வருடத்து ஒயின் சீக்கிரமே பாருக்கு வந்துவிடும். சோவிஞோன் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயின்களில் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய ஆண்டு அச்சிட்டிருந்தால் வேறு கேளுங்கள். இறக்குமதிப் பாட்டிலில் விலையின் பெரும்பங்கு வரிக்கே போகிறது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 150 சதவீத வரி 100 ஆகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 ஆகவும் குறைந்தது. அதனால் நடுத்தர விலையில் இறக்குமதி வேண்டுமானால் ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினான ஷிராஸ் பக்கம் கண்ணை ஓட்டுவது லாபம்.

ஆர்டர் கொடுக்கும் முன் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் வெர்மூத்தைத் தேடுங்கள். அதுவும் மூலிகை சேர்த்த ஒயின்தான், திறந்தபின் ஃபிரிட்ஜில் இருந்தால் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். மஞ்சள் விளக்கடியில் ஜின் பாட்டில்களோடு அது நின்றால், சிவப்பு ஒயினும் அதே சூட்டில்தான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு ஒயினுக்கு 15 முதல் 18 டிகிரி போதும். 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். வெந்த ஜாம் மணம் வந்தால் பாட்டிலே சூட்டில் கெட்டது. ஈர அட்டைப்பெட்டி வாடை கார்க்கின் கோளாறு, பாரின் தவறல்ல, ஆனாலும் திருப்பிக் கொடுக்கலாம். அடிபட்ட ஆப்பிள் மணமும் பழுப்பேறிய நிறமும் வந்தால் பாட்டில் திறந்து நாளாகிவிட்டது.

பாட்டில் கழுத்தில் திறந்த தேதியை டேப்பில் எழுதி ஒட்டும் பார் என்றால், அங்கே கிளாஸ் கணக்கில் தைரியமாக வாங்கலாம். ஒட்டவில்லையா? ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். அதற்கு அவர்கள் முகம் சுளித்தால் ஜின் அண்ட் டானிக் சொல்லிவிடுங்கள்.