கலிபோர்னியாவும் டெக்சாஸும்: மாநிலச் செனட்டில் யாருக்கு எங்கே குலுக்கல்?

அமெரிக்காவில் செனட்டர் என்றதும் மாநிலத்துக்கு இருவராக வாஷிங்டனில் அமரும் நூறு பேர்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் நெப்ராஸ்கா நீங்கலாக ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்திலும் செனட் என்றொரு மேலவை உண்டு. அவற்றுள் கலிபோர்னியாவில் 40 பேரும் டெக்சாஸில் 31 பேரும் இருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி, கலிபோர்னியாவில் ஒரு செனட்டருக்கு ஏறத்தாழ 9,88,000 பேரும் டெக்சாஸில் 9,40,000 பேரும் வருகிறார்கள். வாஷிங்டன் பிரதிநிதிகள் அவைக்கான தொகுதியைவிட இவை பெரியவை.

இந்தச் சமக்கணக்கு பழைய வழக்கமன்று. மக்கள்தொகைக்கேற்பவே மாநிலத் தொகுதிகள் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளிக்கும்வரை, 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கும், சுமார் 14,000 பேரே வாழ்ந்த ஒரு மலைப்பகுதித் தொகுதிக்கும் கலிபோர்னியா செனட்டில் தலா ஒரே இடம்தான் இருந்தது.

எல்லை வரைவதில் இரு மாநிலங்களும் எதிரெதிராக நிற்கின்றன. டெக்சாஸில் சட்டமன்றமே வரைகிறது. அதாவது, போட்டியிடப் போகிறவர்களே தம் வாக்காளர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் 2008இல் மக்கள் வாக்களித்து ஏற்படுத்திய 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையம் அந்த வேலையைச் செய்கிறது. அதில் இரு பெரிய கட்சிகளுக்கும் தலா ஐவர், எக்கட்சியும் சாராதவர் நால்வர். முதல் எட்டுப் பேரைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். மீதி ஆறு பேரை அந்த எட்டுப் பேரே தெரிவு செய்கிறார்கள்.

டெக்சாஸிலும் குலுக்கல் உண்டு, ஆனால் வேறு இடத்தில். புதிய எல்லைகள் வந்தபின் நடக்கும் முதல் தேர்தலில் 31 பேரும் ஒருசேர வாக்காளரைச் சந்தித்தாக வேண்டும். 2022இல் அப்படி வென்றவர்கள் 2023 ஜனவரியில் சீட்டு எடுத்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நான்காண்டுப் பதவிக்காலமும் மற்றவர்களுக்கு இரண்டாண்டுப் பதவிக்காலமும் விழுந்தன. வேடிக்கையாகத் தோன்றினாலும், தங்கள் புதிய தொகுதிக்கு வாக்களிக்கும் வாய்ப்புக் கிடைக்காத டெக்சாஸ் வாக்காளர் எவரும் அன்று இல்லை. கலிபோர்னியாவில் இந்த நேர்மை இல்லை. அங்கே இரட்டைப்படை எண் தொகுதிகளுக்கு 2022இலும் ஒற்றைப்படைத் தொகுதிகளுக்கு 2024இலும் தேர்தல் நடந்தது. ஆகவே, 2018இல் இரட்டைப்படைத் தொகுதியில் இருந்து வாக்களித்த ஓர் ஊர் புதிய வரைபடத்தில் ஒற்றைப்படைத் தொகுதிக்குள் போய்விட்டால், அவ்வூரார் அடுத்த செனட் தேர்தலுக்கு ஆறாண்டு காத்திருக்க நேர்ந்தது. நல்ல ஆணையத்தை அமைத்தவர்கள் இந்த ஓட்டையை அடைக்காமல் விட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வேட்பாளர் தேர்விலும் வேறுபாடு உண்டு. டெக்சாஸில் கட்சிதோறும் தனி முதற்கட்டத் தேர்தல். கலிபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் முதற்கட்டத்தில் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிட்டு, முதலிரு இடம் பெறுபவர்கள் நவம்பர் தேர்தலுக்குச் செல்வதால், இறுதிப் போட்டி ஒரே கட்சிக்காரர் இருவருக்கிடையே அமைவதும் உண்டு.

கலிபோர்னியாவில் இரு அவைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகளே இருக்கலாம். டெக்சாஸில் வரம்பில்லை, ஜான் விட்மயர் 1983 முதல் 2023 வரை அங்கே செனட்டராக இருந்தார். ஆனால் டெக்சாஸ் செனட்டரின் மாதச் சம்பளம் 600 டாலர்தான். ஈராண்டுக்கொருமுறை 140 நாள் கூடும் அவைக்கு, கூட்ட நாள்களுக்கான படி தனியாக உண்டு என்றாலும், வேறு வருமானம் இல்லாத ஓர் ஆசிரியரோ பேருந்து ஓட்டுநரோ அங்கே போட்டியிட நினைப்பது எளிதல்ல.