ஐசிஸ்–ஒசைரிஸா, விதி துரத்தும் இளவரசனா?

எகிப்தியப் புராணத்தை வைத்துப் பதின்வயதினருக்கு அமானுஷ்யக் காதல் கதை எழுத நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது ஐசிஸ்–ஒசைரிஸ் என்ற தெய்வ ஜோடியிடம்தான். தம்பி சேத், அண்ணன் ஒசைரிஸைக் கொன்று உடலைத் துண்டாக்கி வீசுகிறான். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் கணக்கில் 14 துண்டுகள். ஐசிஸ் தேடித் தேடிச் சேர்க்கிறாள். துக்கமும் மந்திரமும் அபாரம். ஆனால் இருவரும் உடன்பிறந்தவர்கள், ஏற்கெனவே கணவன் மனைவி வேறு. முதல் காதலின் படபடப்புக்கு இங்கே இடமே இல்லை.

இன்னொரு கதை, விதி துரத்தும் இளவரசனுடையது; பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஹாரிஸ் 500 என்ற பாப்பிரஸில் (நாணல் தாள் சுவடி) உள்ளது. முதலை, பாம்பு, நாய் இவற்றில் ஒன்றால்தான் சாவு என்று இளவரசன் பிறந்தபோதே விதியைச் சொல்லும் ஹாத்தோர் தேவதைகள் சொல்லிவிடுகிறார்கள். அவனோ ஆசைப்பட்டு ஒரு நாய்க்குட்டியையே வளர்க்கிறான்! வளர்ந்ததும் சிரியா பக்கமிருந்த நஹரின் நாட்டுக்குப் போய், 70 முழ உயரத்து ஜன்னலுக்குத் தாவி இளவரசியை அடைகிறான். பிரித்தால் உண்ணாமல் குடிக்காமல் செத்துவிடுவேன் என்று அவள் அப்பாவிடமே அடம்பிடிக்கிறாள். ஒருநாள் இரவு பாம்பு வருகிறது. அவள் தயாராக வைத்திருந்த பீரையும் ஒயினையும் பாம்பு குடித்து மல்லாந்துவிட, அதன் கதை அங்கேயே முடிகிறது. பெண்ணுக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா?

அப்புறம் நாய் பேசுகிறது, முதலை பிடிக்கிறது, அத்தோடு பாப்பிரஸ் கிழிந்துபோயிருக்கிறது. முடிவு எழுதுபவர் கையில். என் ஓட்டு இதற்குத்தான். நரித்தலைத் தெய்வம் அனுபிஸின் ரசிகர்கள் மட்டும் கோபித்துக்கொள்வார்கள். அவர் இந்தக் கதைப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை.